காட்டுக் கணக்கெடுப்பின் தரவிலிருந்து மரக்கன்றுகளை இனவாரியாகவும் வட்டாரவாரியாகவும் கணக்கிடும் முறை

ஒரு காடு தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறதா என்பதை ஓங்கி நிற்கும் மரங்களை மட்டும் பார்த்து அறிய முடியாது. அவற்றின் அடியில் எந்த இனத்தின் கன்றுகள், எந்த வட்டாரத்தில், எவ்வளவு அடர்த்தியாக நிற்கின்றன என்பதே அதைக் காட்டும். பெங்களூருவில் தரவுப் பகுப்பாய்வு பயிலும் நம் மாணவர்களுக்கு எக்ஸெல் நன்றாகவே தெரியும். ஆனால் கன்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டியதும் வேலை முடிந்துவிட்டதாக எண்ணிவிடுவது எளிது. அந்தக் கூட்டுத்தொகையை எவ்வாறு பொருளுள்ள எண்ணாக மாற்றுவது என்பதை இங்கே விளக்குகிறேன்.

இந்தியாவில் இத்தகைய கணக்கெடுப்பை டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய வன அளவாய்வு நிறுவனம் நடத்துகிறது. அதன் தென்மண்டல அலுவலகம் பெங்களூருவிலேயே உள்ளது. பயிற்சிக்கு நான் எடுத்துக்கொள்வது அமெரிக்க வனத்துறையின் தேசியக் காட்டுக் கணக்கெடுப்பை. ஒவ்வொரு மாதிரித் திட்டின், அதாவது அளவெடுக்கத் தேர்ந்த சிறு நிலத்துண்டின், பதிவுகளையும் மாநிலவாரியாகச் சிஎஸ்வி கோப்புகளாக எவரும் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம் என்பதே காரணம். வெர்மான்ட் போன்ற சிறிய மாநிலம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கோப்பு கைக்கடக்கமாக இருக்கும்.

முதல் படி: கன்று என்பது எது?

கணக்கெடுப்புக்குக் கணக்கெடுப்பு இதன் வரையறை மாறும். பெங்களூருவின் இந்திய அறிவியல் கழகம் முதுமலையில் 1988-இல் தொடங்கிய 50 ஹெக்டேர் ஆய்வுப் பரப்பில், மார்பளவு உயரத்தில் குறைந்தது 1 செ.மீ. விட்டமுள்ள தண்டுகள்தாம் கணக்கில் வருகின்றன. அமெரிக்கக் கணக்கெடுப்பிலோ, மார்பளவு உயரத்தில் விட்டம் 1 அங்குலத்துக்கும் குறைவாக இருப்பதுதான் கன்று. ஊசியிலை மரமானால் அது குறைந்தது 6 அங்குல உயரமும், அகன்ற இலை மரமானால் 12 அங்குல உயரமும் எட்டியிருக்க வேண்டும். 1 அங்குலத்திலிருந்து 5 அங்குலத்துக்குள் இருப்பவை இளமரங்கள். அவை மரங்களுக்குரிய அட்டவணையில் இருக்கும். உயர வரம்பு இரு வகைக்கும் வேறாக இருப்பதால், ஒரு பைன் இனத்தின் எண்ணிக்கையையும் ஓக் இனத்தின் எண்ணிக்கையையும் நேருக்கு நேர் நிறுத்தி ஒன்று மிகுதி, மற்றது குறைவு என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒரே இனத்தை இரு வட்டாரங்களில் ஒப்பிடுவதே பாதுகாப்பானது.

இரண்டாம் படி: திட்டின் அமைப்பு

ஒவ்வொரு மாதிரித் திட்டிலும் 24 அடி ஆரமுள்ள நான்கு வட்டங்கள் உள்ளன. ஒன்று நடுவிலும் மற்ற மூன்று அதிலிருந்து 120 அடி தொலைவிலும் அமைந்திருக்கும். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் 6.8 அடி, அதாவது ஏறத்தாழ 2.07 மீட்டர் ஆரமுள்ள ஒரு நுண்வட்டம் உண்டு. கன்றுகள் அதற்குள் மட்டுமே எண்ணப்படுகின்றன. ஒரு நுண்வட்டத்தின் பரப்பு சுமார் 13.5 சதுர மீட்டர். நான்கும் சேர்ந்து 54 சதுர மீட்டர். ஆகவே ஒரு திட்டில் எண்ணப்பட்ட ஒரு கன்று, அந்தத் திட்டின் அளவில், ஹெக்டேருக்கு ஏறக்குறைய 185 கன்றுகளைக் குறிக்கிறது. இந்தப் பெருக்கெண் பெரியது என்பதை நினைவில் வையுங்கள். தரவில் நிகழும் சிறு பிழையும் இதனால் 185 மடங்காகிவிடும்.

மூன்றாம் படி: அட்டவணைகளை இணைத்தல்

கன்றுகளின் அட்டவணையில் ஒவ்வொரு வரியிலும் திட்டின் அடையாள எண், இனத்தின் குறியெண், எண்ணிக்கை ஆகியவை இருக்கும். சிவப்பு மேப்பிளுக்கு 316, சர்க்கரை மேப்பிளுக்கு 318. வட்டாரம் திட்டுகளின் அட்டவணையில் உள்ளது. அடையாள எண்ணைக் கொண்டு எக்ஸ்லுக்அப் என்னும் எக்ஸெல் சார்பின் மூலம் அதை எடுத்துக்கொள்ளலாம். அந்த அடையாள எண் நீளமானது என்பதால், கோப்பைத் திறக்கும்போதே அந்த நெடுவரிசையை எண்ணாக அல்லாமல் உரையாக வையுங்கள். இல்லையென்றால் எக்ஸெல் கடைசி இலக்கங்களைச் சிதைத்துவிடும், இணைப்பும் தவறாகிவிடும்.

வட்டாரமாக மாவட்டத்தையோ அளவாய்வுப் பிரிவையோ எடுங்கள். அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து நீங்களே சிறு வட்டாரங்கள் வகுக்க வேண்டாம். நில உரிமையாளர்களின் தனியுரிமைக்காகவும் திட்டுகளின் பாதுகாப்புக்காகவும் வெளியிடப்படும் இருப்பிடங்கள் ஒரு மைல் வரை நகர்த்தப்பட்டிருக்கின்றன.

இன்னொன்று: அதே திட்டுகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் அளக்கப்படுவதால், ஒரே கோப்பில் ஒரு திட்டு பலமுறை வரும். ஒரு திட்டுக்கு ஒரே அளவீடு இருக்குமாறு ஒரு சுற்றை மட்டும் வடிகட்டிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: கன்று இல்லாத திட்டுகள்

இந்தச் செய்முறை முழுவதும் இதைச் சார்ந்தே நிற்கிறது. ஒரு திட்டில் சிவப்பு மேப்பிள் கன்று ஒன்றுகூட இல்லையென்றால் அதற்குச் சுழியம் என்று ஒரு வரி எழுதப்படுவதில்லை, வரியே இருக்காது. கன்றுகளின் அட்டவணையை மட்டும் வைத்துச் சராசரி எடுத்தால், கன்று இல்லாத காடுகள் அனைத்தும் கணக்கிலிருந்து மறைந்துவிடும்.

எடுத்துக்காட்டாக, ஒரு வட்டாரத்தில் பத்துத் திட்டுகள் இருப்பதாகவும், அவற்றில் மூன்றில் மட்டும் 4, 1, 25 எனக் கன்றுகள் பதிவாகியிருப்பதாகவும் கொள்வோம். மொத்தம் 30. மூன்றால் வகுத்தால் திட்டுக்கு 10, அதாவது ஹெக்டேருக்குச் சுமார் 1,850 கன்றுகள். பத்தால் வகுத்தால் திட்டுக்கு 3, அதாவது ஹெக்டேருக்குச் சுமார் 556 மட்டுமே. இரண்டாவதே வட்டாரத்தின் உண்மை நிலை.

எனவே வகுபடும் தொகுதி எண் கன்றுகளின் அட்டவணையிலிருந்தும், வகுக்கும் பகுதி எண் திட்டுகளின் அட்டவணையிலிருந்தும் வர வேண்டும். முதலாவதற்கு வட்டாரம், இனம் ஆகிய இரண்டையும் வைத்து ஒரு பிவோட் டேபிள் போடுங்கள். இரண்டாவதற்கு, காட்டு நிலம் என்று குறிக்கப்பட்ட திட்டுகளை மட்டும் வட்டாரவாரியாக எண்ணுங்கள். ஒரு திட்டின் பாதி சாலையிலோ வயலிலோ விழுந்திருந்தால், நில நிலையைக் குறிக்கும் அட்டவணையில் நுண்வட்டத்தின் எவ்வளவு பங்கு காடு என்ற விகிதம் இருக்கும்; அந்த விகிதங்களைக் கூட்டிப் பகுதி எண்ணாகக் கொள்வதே சரி.

ஐந்தாம் படி: ஒரே திட்டின் ஆதிக்கத்தைப் பார்த்தல்

மேலே சொன்ன 30 கன்றுகளில் 25 ஒரே திட்டிலிருந்து வந்தவை. அந்தத் திட்டை நீக்கிவிட்டால் மீதி ஒன்பது திட்டுகளின் சராசரி ஹெக்டேருக்குச் சுமார் 103 ஆகிவிடும். நம் ஊர்ச் சாலையோரப் புங்க மரத்தடியில் காய் விழுந்த இடத்திலேயே கன்றுகள் நெருக்கமாக முளைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காட்டிலும் கன்றுகள் சீராகப் பரவி நிற்பதில்லை. இதற்காக அந்தத் திட்டை நீக்கிவிடக் கூடாது. அதுவும் காட்டின் ஒரு பகுதிதான். மாறாக, சராசரியோடு எத்தனை திட்டுகளில் அந்த இனம் காணப்பட்டது என்பதையும் தவறாமல் காட்டுங்கள். பத்தில் மூன்று என்ற அந்த ஒரு தகவல், 556 என்ற எண்ணைப் படிப்பவருக்கு அது எங்கும் பரவிய வளர்ச்சியல்ல என்று சொல்லிவிடும்.

இறுதி அட்டவணையில் வட்டாரம், இனம், காட்டுத் திட்டுகளின் எண்ணிக்கை, அந்த இனம் காணப்பட்ட திட்டுகள், ஹெக்டேருக்குக் கன்றுகள், திட்டப்பிழை (சராசரி எவ்வளவு தடுமாறக்கூடும் என்பதைக் காட்டும் அளவு) என ஆறு நெடுவரிசைகள் போதும். திட்டப்பிழையைக் கணக்கிடும்போது மட்டும் சுழியத் திட்டுகளுக்கு வரி எழுதியே ஆக வேண்டும். அதிகாரப்பூர்வ மதிப்பீடுகள் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு திட்டுகளை அடுக்குகளாகப் பிரித்து எடை தருவதால், உங்கள் எண் வெளியான அறிக்கையின் எண்ணோடு அப்படியே பொருந்தாது. பத்துக்கும் குறைவான திட்டுகளே உள்ள வட்டாரத்தை அண்டை வட்டாரத்தோடு சேர்த்துவிடுவதே என் பரிந்துரை. அவ்வாறு சேர்த்ததை அட்டவணையின் அடியில் ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.