ஓய்வுக்குப் பின் ஒரு நாள் மலைப்பயணம்: நெல்லைச் சீமையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் காலை நடைக்கு வரும் இருவர், பணி ஓய்வு பெற்று மூன்று மாதங்கூட ஆகாதவர்கள், சென்ற வாரம் மைதானத் திண்ணையில் ஒரு தாளை விரித்து வைத்துப் பயணத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். காலையில் பாபநாசம், அடுத்து அகத்தியர் அருவி, சொரிமுத்து அய்யனார் கோயில், காரையார் அணை, சாப்பாட்டுக்குப் பின் மணிமுத்தாறு அருவி, பொழுது இருந்தால் மாஞ்சோலை என்று ஆறு இடங்கள் அதில் வரிசையாக இருந்தன. "எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று என்னிடமும் காட்டினார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய தாளும் ஏறக்குறைய இதேதான் என்பதால், சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன். தொப்பி, தண்ணீர், வழுக்காத செருப்பு ஆகியவற்றை வீட்டிலுள்ளவர்களே சொல்லி அனுப்புவார்கள். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை.

ஒரே நாளில் ஆறு இடம்

வரைபடத்தில் காரையாரும் மணிமுத்தாறும் அடுத்தடுத்த வீடுகளைப் போலத் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருப்பது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் காடு. பாபநாசத்திலிருந்து சோதனைச்சாவடி வழியாக மேலே ஏறும் சாலையில் அகத்தியர் அருவியும், சொரிமுத்து அய்யனார் கோயிலும், காரையாரும் வருகின்றன. மணிமுத்தாறு அருவிக்கும் மாஞ்சோலைக்கும் மலையை விட்டு முழுவதும் கீழே இறங்கி, வேறு சாலையைப் பிடித்து, வேறொரு சோதனைச்சாவடியில் மறுபடியும் நின்றாக வேண்டும். இந்த எளிய உண்மை எனக்கு உறைப்பதற்கு ஒரு முழு நாளும் ஒரு வேன் வாடகையும் செலவாயின.

அன்று நாங்கள் பன்னிரண்டு பேர், எல்லாரும் அறுபதைக் கடந்தவர்கள். காலை ஆறு மணிக்குப் புறப்படுவதாக ஏற்பாடு; செய்தித்தாள் வராமல் வீட்டை விட்டு இறங்காத ஒருவருக்காகவும், ஏறி உட்கார்ந்த பிறகு மூக்குக்கண்ணாடியை எடுக்க வீட்டுக்குத் திரும்பிய இன்னொருவருக்காகவும் காத்திருந்து, வேன் பேட்டையைத் தாண்டும்போது மணி எட்டேகால் ஆகிவிட்டது. சேரன்மகாதேவியில் காப்பி, அம்பாசமுத்திரத்தில் இட்லி. பாபநாசத்தில் படித்துறையைப் பார்த்தவுடன் பாதிப் பேர் வேட்டியை மடித்துக்கொண்டு தாமிரபரணியில் இறங்கிவிட்டார்கள். நீரைக் கண்ட நெல்லைக்காரனை மேலே வரச்சொல்வது எளிதன்று. அகத்தியர் அருவியில் ஒன்றரை மணி நேரம் போயிற்று. அருவியில் நிற்பது பத்து நிமிடந்தான். எண்ணெய் தேய்ப்பது, துவட்டுவது, ஈர வேட்டியைப் பிழிவது, மழைக்காலப் பாறையில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து இறங்குவது என்பவைதான் மீதி நேரத்தைத் தின்றன. சொரிமுத்து அய்யனாரைக் கும்பிட்டு, காரையாரைத் தூரத்திலிருந்து பார்த்த கணக்கில் பார்த்துவிட்டுக் கீழே வந்தபோது மணி இரண்டரை. அதற்குள் சர்க்கரை நோயுள்ள நண்பர் ஒருவருக்குக் கைநடுக்கம் கண்டு, அவரை நிழலில் உட்கார வைத்து, கட்டுச்சோற்று மூட்டையை அங்கேயே அவிழ்த்துக் கொடுத்துத் தேற்றினோம்.

இத்தனைக்குப் பிறகும் நான் பாடம் படிக்காமல், தாளில் மீதியிருந்த இரண்டு பெயர்களுக்காக வேனை விரட்டினேன். அந்தச் சாலையின் சோதனைச்சாவடிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நான்கு மணி நெருங்கியிருந்தது. "இனிமே மேல விட முடியாது அண்ணாச்சி, போனவங்களே இறங்கிக்கிட்டு இருக்காங்க" என்றார் அங்கே நின்ற காவலர். அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. யானையும் கரடியும் நடமாடும் காட்டுச் சாலையில் பொழுது சாய்ந்த பின் பன்னிரண்டு முதியவர்களை யார் விடுவார்? வேன் திரும்பியது. கூடுதலாக ஓடிய கிலோமீட்டருக்கான பணத்தை நானே கைக்காசிலிருந்து கொடுத்தேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை. அடுத்த ஆறு மாதம் என்னோடு ஒருவரும் எங்கும் வரவில்லை.

இன்றைக்கும் இதை நினைத்தால் எரிச்சல் வருவதற்குக் காரணம், முப்பத்தோராண்டு ரயில்வேயில் கால அட்டவணைகளோடே வாழ்ந்தவன் நான் என்பதுதான். ஒரு வண்டி ஒரு நிலையத்தில் இரண்டு நிமிடம் கூடுதலாக நின்றால் பின்னால் எத்தனை வண்டி தடுமாறும் என்று கணக்குப் போட்டவனுக்கு, பன்னிரண்டு முதியவர்கள் வேனிலிருந்து இறங்கி ஏறுவதற்கே ஒவ்வொரு முறையும் கால் மணி நேரம் ஆகும் என்பது தெரியாமல் போயிற்று. தொலைவைக் கணக்கிட்டேனே தவிர, இறங்குமிடங்களைக் கணக்கிடவில்லை.

அதன் பிறகு நான் வைத்திருக்கும் வழக்கம் இது: ஒரு நாளுக்கு ஒரே ஒரு மலைச்சாலை, அதில் ஒரே ஒரு குளியல். சோதனைச்சாவடிக்கு உள்ளே இருக்கும் இடங்களை முற்பகலில் முடித்துவிட வேண்டும். அவற்றுள்ளும் மிகத் தொலைவில் உள்ளதற்கு முதலில் போய், இறங்கும் வழியில் மற்றவற்றைப் பார்க்க வேண்டும். பாபநாசம் படித்துறை போன்ற, வாசலும் பூட்டும் இல்லாத இடங்களைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால், பொழுது எவ்வளவு மிச்சமிருந்தாலும், இல்லாவிட்டாலும் நட்டமில்லை. காரையாரும் சொரிமுத்து அய்யனாரும் ஒரு நாள், மணிமுத்தாறு இன்னொரு நாள். ஆடி அமாவாசையை ஒட்டிய நாள்களில் சொரிமுத்து அய்யனார் கோயில் பக்கம் சுற்றுலாவாகப் போகவே கூடாது. அந்த நாள்கள் குடில் போட்டுத் தங்கும் பக்தர்களுக்கு உரியவை.

மாஞ்சோலைச் சாலைக்குத் தனி அனுமதி கேட்கப்படுவதும், மழைக்காலத்தில் அருவிகளில் குளிக்கத் தடை விழுவதும் இங்கே வாடிக்கை. ஆகையால் முந்தின நாள் மாலை வனத்துறை அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போடாமல் வேனுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்து அருவியை எடை போடுவது

அருவியடியில் வெயில் அடிக்கும். மேலே மலையில் கொட்டிக்கொண்டிருக்கும். நீர் ஓடி வர ஆகும் நேரந்தான் நமக்கும் ஆபத்துக்கும் இடையே உள்ள தொலைவு. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்று உயிரைப் பறித்தது. ஓடத் தெரிந்த இளங்காலுக்கே அந்தக் கதி என்றால், முட்டி வலியோடு பாறையைப் பிடித்து நடக்கும் நாம் என்ன செய்வோம்? நீர் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், அருவியின் இரைச்சல் மாறினாலும் அந்தக் கணமே கரையேற வேண்டும். சோப்பைக் கழுவிவிட்டு வருகிறேன் என்று நிற்கக் கூடாது.

பருவத்தையும் குழப்பிக்கொள்கிறார்கள். குற்றாலத்தின் சாரலும் சீசனும் ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவக்காற்றோடு வருபவை. மணிமுத்தாறு அணையோ பெரிதும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கிறது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்ற செய்தியைக் கேட்டு மணிமுத்தாற்றுக்குப் போய் வெறும் பாறையைப் பார்த்துத் திரும்பியவர்களை எனக்குத் தெரியும்.

கூந்தன்குளத்துக்கு உச்சிவேளையில் போவது

மலை ஏற முடியாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தைத்தான். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்த ஊரில், மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. பறவைகள் அஞ்சும் என்பதால் ஊரார் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அப்படிப்பட்ட ஊருக்கு, மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஒன்றரை மணிக்குப் போய், "ஒன்றுமே இல்லையே" என்று குறைப்பட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். பறவைகள் வெயிலில் ஒடுங்கிக் கிடக்கும். தை, மாசியில், விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ப் பாருங்கள். வடக்கேயிருந்து வரும் பட்டைத்தலை வாத்துகளும் கண்ணில் படலாம். குழந்தையைப் போல ஒரு தொலைநோக்கிக்குப் பேரனிடம் கெஞ்சுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நீர் மாத்திரை

இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள், பயண நாளில் அதை எந்நேரம் எடுப்பது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். கழிப்பறை இல்லாத மலைச்சாலையில் வேனை நான்கு முறை நிறுத்தச் சொன்னவன் சொல்கிறேன்.

குரங்குக்குத் தீனி

போடாதீர்கள்.

துணியை ஆற்றில் விடுவது

பாபநாசத்தில் குளித்த வேட்டியை ஆற்றோடு விட்டால் பாவம் போகும் என்று என்னோடு வந்த ஒருவர் சொன்னார். அந்த வேட்டியை வேலிமுள்ளோடு சேர்த்துக் கரைக்கு இழுத்துப் போட நான் இடுப்பளவு நீரில் இறங்க வேண்டியதாயிற்று. அவர் படியில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.