இரண்டு சிப், ஒரே கோப்பு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நண்பரின் பழைய கணினியில் லினக்ஸ் போட்டேன்; சத்தமே வரவில்லை. உள்ளே இருந்தது இஎஸ்1371 சிப் கொண்ட என்சோனிக் ஒலி அட்டை. லினக்ஸின் மையமான கர்னலில், அந்த அட்டையை இயக்கும் நிரலான டிரைவரைத் திறந்தால் சில வரிகள்தான்! எந்த சிப் என்று குறிக்கும் ஒரு மேக்ரோவை (நிரலில் வைக்கும் பெயர்) வரையறுத்துவிட்டு, இஎஸ்1370 என்ற இன்னொரு சிப்புக்கான கோப்பை அப்படியே இன்க்ளூட் செய்கிறது, அதாவது உள்ளே சேர்த்துக்கொள்கிறது. டிஜிட்டல் ஒலியைக் கேட்கும் ஒலியாக மாற்றும் கோடெக் மட்டும் வேறு: 1370இல் ஏகே4531, 1371இல் ஏசி97. நினைவகத்திலிருந்து ஒலித் தரவை நேரடியாக எடுக்கும் டிஎம்ஏ வேலை பெரும்பாலும் பொது. மாறும் இடங்களை மட்டும், மேக்ரோ இருக்கிறதா என்று பார்க்கும் இஃப்டெஃப் கட்டளை பிரிக்கிறது. இப்படி இணைத்தவர்களை மனதாரப் பாராட்டினேன்.

சத்தம் ஏன் வரவில்லை என்று பார்க்க நான் சேர்த்த சோதனை வரி ஏசி97ஐத் தொட்டதால், அது இல்லாத 1370இன் டிரைவர் கம்பைல் ஆகவில்லை (இயங்கும் நிரலாக மாறவில்லை). அந்த வரியை 1371க்கான இஃப்டெஃபுக்குள் தள்ளியதும் சரியானது. அப்புறம் பார்த்தால் கோடெக் ஒழுங்காகப் பதில் தருகிறது. ஒலி அளவை மாற்றும் அல்சாமிக்சர் நிரலில், மொத்த ஒலிக்கான மாஸ்டர் மியூட்டில் கிடந்தது. எம் விசையை அழுத்தி மியூட்டை நீக்கி, ஒலியைக் கூட்டினேன். ஸ்பீக்கர் பாடியது.