பழைய ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றியமைத்த கார்) இன்ஜினுக்கு வெண்கல வால்வ் கைடு கடைவது

வால்வ் கைடு என்பது வால்வின் தண்டு மேலும் கீழும் நகரும் சிறு குழாய். ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல்மூடி) கைடு உட்காரும் துளையை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். பழைய ஹெட்டில் மூன்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம். ரீமர் (துளையைச் சீராக்கும் வெட்டுக்கருவி) விட்டு ஒரே அளவாக்குங்கள். வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு கைடின் வெளிவிட்டம் அந்தத் துளையைவிட 0.03 முதல் 0.05 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும்.

வெளிவிட்டம், உள்துளை இரண்டையும் லேத்தின் சக்கிலிருந்து (கவ்வும் பிடி) கழற்றாமல் ஒரே பிடியில் முடியுங்கள். இல்லாவிட்டால் மையம் விலகிவிடும். வெண்கலம் டிரில்லைக் கவ்வி உள்ளே இழுக்கும். வெட்டுமுனையை எண்ணெய்க்கல்லில் லேசாகத் தேய்த்து மொட்டையாக்கினால் இழுக்காது. சூட்டோடு மைக்ரோமீட்டர் வைக்காதீர்கள். ஆறியதும் அளவு குறைந்து, கைடு தளர்ந்துபோகும்.

உள்துளையை முடிவு அளவைவிட 0.2 மி.மீ. குறைவாகவே விடுங்கள். கைடை பிரஸ்ஸில் அழுத்தி ஹெட்டுக்குள் இறக்கியதும் அது இன்னும் சுருங்கும், அதன் பிறகே ரீமர். 8.7 மி.மீ. எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வின் ஸ்டெம்முக்கு, அதாவது தண்டுக்கு, 0.05 மி.மீ. இடைவெளி போதும். வால்வ் மூடும்போது பதியும் சீட்டைப் புதிய கைடின் மையம் பிடித்து வெட்டுங்கள்.