மிகுபுனைவுத் தொடருக்கு அட்லஸ் போடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

'டிரெஷர் ஐலண்ட்' நாவலின் வரைபடம் ஒருமுறை தொலைந்துபோனது. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1881ல் முதலில் தீவைத்தான் வரைந்தார். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கதை வளர்ந்தது. புத்தகமாக்கும் நேரத்தில் கையெழுத்துப் படியோடு படத்தையும் அனுப்பிவைத்தார். திருத்தத்துக்கு அச்சுப்படி வந்தது, படத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. விசாரித்தால், அது வந்து சேரவேயில்லை என்றார்கள். வேறு வழியில்லாமல் தன் நாவலையே மறுபடி துருவி, எந்த இடத்தைப் பற்றி எங்கே என்ன எழுதியிருக்கிறோம் என்று பட்டியல் போட்டு, கவராயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, எல்லாவற்றுக்கும் ஒத்துவருகிற ஒரு தீவை இன்னொரு முறை வரையவேண்டி வந்தது. மனம்போன போக்கில் ஒரு படத்தை வரைந்து அதற்குக் கதை எழுதுவது வேறு, எழுதி முடித்த புத்தகத்துக்குள்ளிருந்து படத்தைத் தோண்டி எடுப்பது வேறு என்று 1894ல் எழுதிய ஒரு கட்டுரையில் நொந்துகொள்கிறார்.

மிகுபுனைவுத் (ஃபேண்டஸி) தொடர்களுக்குத் துணைநூலாக அட்லஸ் போடுகிறவர்கள் எல்லாருமே ஸ்டீவன்சனின் அந்த இரண்டாவது நிலைமையில்தான் இருக்கிறார்கள். ஆனால் பலர் முதல் நிலைமையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு பேனாவை எடுக்கிறார்கள். நாவல் சாட்சி சொல்கிறது, வரைபடம் அதிலிருந்து ஊகிக்கிறது. இந்த வரிசை மாறினால் அப்புறம் எவ்வளவு அழகாக வரைந்தாலும் தவறு உள்ளேயே இருக்கும்.

முதல் சறுக்கல், கடற்கரையிலிருந்து தொடங்குவது. வளைந்து நெளிந்த கரை, நாலு தீவு, ஒரு விரிகுடா என்று வரைந்துவிட்டால் வேலை பாதி முடிந்ததுபோல் இருக்கும். பிறகு மூன்றாவது தொகுதியில் கதாநாயகி மலையுச்சியில் நின்று கடலைப் பார்ப்பாள். நீங்கள் வரைந்த கடலோ அங்கிருந்து நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அதனால் முதலில் வேண்டியது ஒரு நோட்டு. எந்தத் தொகுதி, எந்த அத்தியாயம், கதைக்குள் என்ன தேதி, எங்கிருந்து எங்கே, எதில் பயணம், எத்தனை நாள், வழியில் என்ன தெரிந்தது. இதோடு பலரும் விட்டுவிடும் ஒரு பத்தி உண்டு: யார் சொன்னது? கதைசொல்லி "பத்து நாள் பயணம்" என்று எழுதினால் அது ஒரு கணக்கு. விடுதியில் போதையில் இருக்கும் மாலுமி "பத்து நாள் ஆச்சு" என்றால் அது வேறு கணக்கு.

இந்த நோட்டிலிருந்து படம் எப்படி வருகிறது என்று ஒரு கற்பனைத் தொடரை வைத்துப் பார்க்கலாம். கோட்டையிலிருந்து துறைமுகத்துக்குச் சமவெளிச் சாலையில் குதிரையில் நான்கு நாள் என்று முதல் தொகுதி சொல்கிறது. அதே குதிரையை மாற்றாமல் ஓட்டினால் நாளைக்கு 45 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம், ஆக 180. ஒரு சென்டிமீட்டருக்கு 20 கிலோமீட்டர் என்று எடுத்தால் தாளில் 9 சென்டிமீட்டர். கோட்டையில் கவராயத்தின் முள்ளை ஊன்றி ஒரு வில் போடுங்கள். இரண்டாவது தொகுதியில் கணவாயிலிருந்து அதே துறைமுகத்துக்கு மலைப்பாதையில் ஐந்து நாள் நடை. மலையில் நாளைக்கு 18 கிலோமீட்டர் நடந்தாலே பெரிய விஷயம், ஆக 90. கணவாயில் முள்ளை ஊன்றி நாலரை சென்டிமீட்டருக்கு இன்னொரு வில். கணவாயின் இடம் ஏற்கெனவே தெரியும் என்றால், இரண்டு வில்லும் பொதுவாக இரண்டு இடத்தில் வெட்டிக்கொள்ளும். துறைமுகம் இந்தப் புள்ளியா, அந்தப் புள்ளியா? காலையில் கோட்டையை விட்டுக் கிளம்பியவனின் முகத்தில் வெயில் அடித்தது என்று எங்கோ ஒரு வரி இருக்கும். அவன் கிழக்கே போகிறான், சரி, முடிந்தது.

முடியவில்லை என்பதுதான் அடுத்த சறுக்கல். 180 கிலோமீட்டர் என்பது சாலையின் நீளம். சாலை நேர்கோட்டில் போகாது. சமவெளியிலேயே நேர்த்தூரம் 150 ஆகக் குறையலாம், மலைப்பாதை என்றால் பாதிகூட ஆகலாம். ஆகவே கவராயம் போடுவதை மெல்லிய கோடாக நினைக்கக் கூடாது, அகலமான பட்டையாக நினைக்க வேண்டும். இரண்டு பட்டைகள் வெட்டிக்கொள்ளும் பரப்புக்குள் எங்கே வேண்டுமானாலும் ஊர் இருக்கலாம். அந்தச் சுதந்திரத்தைப் பென்சிலிலேயே வைத்திருங்கள். அடுத்த சாட்சி வரும்போது நகர்த்த இடம் வேண்டும்.

எல்லாப் பயணத்துக்கும் ஒரே வேகம் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. கோட்டையிலிருந்து துறைமுகத்துக்கு நான்கு நாள் ஆனது அல்லவா, மூன்றாவது தொகுதியில் ஒரு தூதன் அதே வழியில் ஒரே பகலில் வந்து சேர்கிறான். ஆசிரியர் கோட்டை விட்டுவிட்டார் என்று வாசகர்கள் குதிப்பார்கள். அவசரப்பட வேண்டாம். 1860, 61ல் அமெரிக்காவில் ஓடிய போனி எக்ஸ்பிரஸ் அஞ்சல், குதிரையையும் ஆளையும் வழிநெடுக மாற்றி மாற்றி, சுமார் 3,000 கிலோமீட்டரைப் பத்து நாள் அளவில் கடந்தது. நாளைக்கு ஏறக்குறைய 300. வண்டிகளோடு நகரும் படையோ நாளைக்கு 20 கிலோமீட்டர் போனாலே அதிகம். "எதில் பயணம்" என்ற பத்தி நோட்டில் காலியாக இருந்தால் இந்த மூன்றும் ஒன்றாகிவிடும். நினைத்த மாத்திரத்தில் இடம்விட்டு இடம் பாயும் டிராகன்கள் உள்ள, ஆன் மெக்காஃப்ரி நாவல்களின் பெர்ன் மாதிரியான உலகம் என்றால் பயண நாளை வைத்துத் தூரம் கண்டுபிடிக்கவே முடியாது. அங்கே நடந்து போனவர்களையும் கப்பலில் போனவர்களையும்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

தேதியை விட்டுவிடுகிறவர்களுக்கு நிலா பாடம் நடத்தும். 1944ல் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிக்கொண்டிருந்த டோல்கீன் தன் மகனுக்கு எழுதிய கடிதம் ஒன்றில் இதைப் பற்றிப் புலம்புகிறார்: கதாபாத்திரங்கள் பிரிந்து போனபின் ஒரு பக்கம் நிலா உதிக்கிறது, அதே நேரத்தில் இன்னொரு பக்கம் அது மறைகிறது. அவர் உட்கார்ந்து முந்தைய அத்தியாயங்களைத் திருத்த வேண்டியிருந்தது. இரண்டு குழுக்களின் பாதையை ஒரே படத்தில் காட்டப் போகிறீர்கள் என்றால், ஒவ்வொரு இரவும் இரு குழுவும் எங்கே தூங்கினார்கள் என்று புள்ளி வையுங்கள். பாதைக்கோடு மட்டும் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் முரண்பாடு அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

முரண்பாட்டைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் எல்லாரும் கையில் எடுக்கும் புத்தகம் டோல்கீனின் கற்பனை உலகமான மிடில்-எர்த்துக்குக் கேரன் வின் ஃபான்ஸ்டாட் 1981ல் வெளியிட்ட 'தி அட்லஸ் ஆஃப் மிடில்-எர்த்'. அவர் முறையாகப் புவியியல் படித்து வரைபடக் கலைஞரானவர். டோல்கீனின் 'தி ஹாபிட்' நாவலில் குள்ளர்கள் ஆற்றுப் பாலத்தைக் கடந்த அன்று இரவே ராட்சதர்களின் நெருப்பைப் பார்த்துவிடுகிறார்கள். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' கதையில் பாலத்தைத் தாண்டி அதே இடத்துக்கு வர ஆரகார்ன் தலைமையில் வந்தவர்களுக்கு ஐந்தாறு நாள் ஆகிறது. வழி தவறியிருந்தாலும், துரத்தப்படுகிற ஒருவன், அந்தக் காட்டை நன்றாக அறிந்தவன், இவ்வளவு நாள் எடுப்பானா? பாலத்துக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் ஆற்றைக் கொஞ்சம் வளைத்துவிட்டு ஃபான்ஸ்டாட் கமுக்கமாகப் போயிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை, இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டார். டோல்கீனும் 1960ல் இதைச் சரிக்கட்டத்தான் முயன்றுகொண்டிருந்தார் என்பது பிறகு வெளியான அவருடைய திருத்தப் படிகளில் தெரிகிறது.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பிடித்த ஒரு தொடருக்கு நானும் ஒரு வரைபடம் போட்டேன். இரண்டாம் தொகுதியில் ஆற்றின் மேற்குக் கரையில் இருந்த காவல்கோபுரம் ஐந்தாம் தொகுதியில் கிழக்குக் கரைக்கு வந்துவிட்டது. நான் புத்திசாலித்தனமாக ஆற்றையே கோபுரத்தைச் சுற்றி ஒரு கொண்டை ஊசி வளைவாக வளைத்து இரண்டையும் திருப்திப்படுத்தினேன். பெருமையாக இருந்தது. ஆறாம் தொகுதி வந்தது, அந்த இடத்தில் படகுகள் "அம்பு விட்டதுபோல் நேராக" போயின. இரண்டு கரையிலும் கேள்விக்குறி போட்டு அடிக்குறிப்பு எழுதியிருந்தால் ஒரு பிழைதான் இருந்திருக்கும், அதுவும் என்னுடையதாக இருந்திருக்காது.

நாவலிலேயே அச்சான வரைபடம் இருக்கிறதே, அதை அப்படியே பெரிதாக்கினால் போதாதா? போதாது. அதுவும் ஒரு சாட்சிதான், சில நேரம் தடுமாறும் சாட்சி. 1954ல் வந்த மிடில்-எர்த் வரைபடத்தைக் அவர் மகன் கிறிஸ்டோபர் டோல்கீன் 1980ல் வேறு ஒரு நூலுக்காக மறுபடி வரைந்தார், இரண்டும் ஒன்றல்ல. எந்தப் பதிப்பின் படத்தைப் பின்பற்றுகிறோம் என்று அட்லஸ் சொல்ல வேண்டும். திசையையும் பார்த்துக்கொள்ளுங்கள். 'தி ஹாபிட்'டில் வரும் திரோரின் வரைபடத்தில் மேலே இருப்பது கிழக்கு. அதை வடக்கு மேலே உள்ள படத்தோடு திருப்பாமல் ஒட்டினால் மலை நகர்ந்துவிடும்.

ஆறுகளைப் பற்றி எல்லாரும் பேசிவிட்டார்கள்: பள்ளத்தை நோக்கி ஓடும், கடலை நோக்கிப் போகப் போகச் சேரும், கழிமுகத்தில்தான் பொதுவாகப் பிரியும். சரிதான். ஆனால் அட்லஸ் போடுகிறவர் செய்யும் தவறு வேறு மாதிரி. ஆசிரியர் ஓர் ஆற்றை இரண்டாகப் பிரித்திருந்தால் அதை இவர் "திருத்தி" விடுகிறார். தென் அமெரிக்காவில் கசிகியாரே என்ற ஆறு ஒரினோகோவிலிருந்து பிரிந்து அமேசான் அமைப்புக்குள் போய்ச் சேர்கிறது. உலகத்தில் நடப்பது நாவலில் நடக்கக் கூடாதா? மலைக்கு அந்தப் பக்கம் மழை மறைவுப் பகுதியாக இருக்க வேண்டும், இங்கே காடு இருக்கிறதே என்று காட்டை அழிக்கிறவர்களும் உண்டு. ஆசிரியர் அங்கே காடு என்று எழுதியிருந்தால் அங்கே காடுதான்.

அந்த உலகம் உருண்டையா, தட்டையா என்று கேட்காமலே அளவைக்கோடு போடுவது ரொம்ப சகஜம். டோல்கீனின் உலகம் முதலில் தட்டை, பின்னால்தான் உருண்டையாகிறது. உருண்டை உலகத்தைத் தாளில் பரப்பினால் எங்கேயாவது இழுபடும். 1569ல் மெர்கேட்டர் தந்த முறையில் வரைந்தால் 60 பாகை அட்சரேகையில் தூரங்கள் நிலநடுக்கோட்டில் இருப்பதைப்போல இரண்டு மடங்காகத் தெரியும். பனிப்பாலையும் வெப்பக்காடும் ஒரே படத்தில் இருந்தால் மூலையில் போட்ட ஒற்றை அளவைக்கோடு யாரோ ஒருவரை ஏமாற்றும். ஊர் அளவிலான படங்களில் இந்தக் கவலை வேண்டாம்.

வெற்றிடத்தைக் கண்டால் கை அரிக்கும். கதை போகாத கிழக்கு மூலையில் ஒரு பாலைவனம், இரண்டு இடிந்த நகரம், தானாகவே வைத்த பெயர்கள். அடுத்த தொகுதியில் கதை அங்கே போகும்வரைதான் அந்தப் பாலைவனத்துக்கு ஆயுள். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எழுதிய ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் உலகத்துக்கு 2012ல் 12 பெரிய வரைபடங்கள் கொண்ட தொகுப்பு வந்தது. ஆசிரியரே கூட இருந்து செய்த தொகுப்பிலேயே மொத்தப் பரப்பைக் காட்டும் படத்துக்கு "அறியப்பட்ட உலகம்" என்றுதான் பெயர். ஆசிரியருக்கே அந்த நிதானம் இருக்கும்போது நமக்கு என்ன அவசரம்?

எல்லாக் காலத்தையும் ஒரே படத்தில் திணிப்பதும் அப்படித்தான். இரண்டாம் தொகுதியில் எரிந்துபோகும் நகரத்துக்குப் பக்கத்தில் "இடிபாடு" என்று குறி போட்டால், முதல் தொகுதி படிக்கிறவருக்கு முடிவைச் சொல்லிவிட்டீர்கள். தொகுதிக்கு ஒரு படம், அல்லது யுகத்துக்கு ஒரு படம். முதல் பக்கத்திலேயே இது எந்தத் தொகுதிவரை பேசுகிறது என்று எழுதிவிடலாம். தொடர் முடியவில்லை என்றால் அட்லஸும் முடியாது. ஆசிரியர் மறைந்தபின்னும் முடியாது: டோல்கீனின் பழைய கையெழுத்துப் படிகள் 1983லிருந்து வரிசையாக வெளிவந்ததால் ஃபான்ஸ்டாட் தன் அட்லஸை 1991ல் திருத்தி வெளியிட வேண்டியிருந்தது.

அச்சிட்டு விற்கும் எண்ணம் இருந்தால் உரிமை வைத்திருப்பவரிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள், வரைந்து முடித்தபின் அல்ல, தொடங்கும் முன்.

கடைசியாக, அச்சகத்துக்குப் போகும்போதுதான் தெரியவரும் சில தவறுகள். இரண்டு பக்கத்தில் விரியும் படத்தின் தலைநகரம் சரியாக நடுமடிப்பில் விழுந்து காணாமல் போகும். பெயரடைவு இல்லாத அட்லஸில் ஒரு கிராமத்தைத் தேட அரைமணி நேரம் ஆகும், ஆகவே கட்டம் பிரித்து எண் போட்டுப் பெயரடைவு சேருங்கள். தமிழில் பெயர் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. மலைத்தொடர் நெடுக நீட்டி எழுத எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளி விடுவோம் அல்லவா? கணினி சில நேரம் "மோ"வையும் மூன்றாகப் பிரித்துவிடும். இரட்டைக் கொம்பு ஒரு சிகரத்தில், மகரம் பள்ளத்தாக்கில், துணைக்கால் அடுத்த மலையில் போய் நிற்கும். எழுத்துகளைக் கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றி, ஒவ்வொரு எழுத்தையும் உயிர்க்குறியோடு சேர்த்துக் கட்டி, பிறகு வளைவில் வையுங்கள்.