ஜூன் 25-ஐக் கரும்பலகையில் எழுதுதல்: ஒரு தேதிக் குறிப்பைத் தயாரிக்கும் முறை

சேலம் அம்மாபேட்டையில் உள்ள ஒரு சிறிய படிப்பகத்தின் வாசலில் கரும்பலகை ஒன்று இருக்கிறது. அன்றைய தேதியில் முந்தைய ஆண்டுகளில் நிகழ்ந்த வரலாறு, விளையாட்டு, இசைச் செய்திகளை அதில் எழுதும் பொறுப்பைச் சில ஆண்டுகளாக நான் பார்த்து வருகிறேன். அதே குறிப்பை ஏற்காட்டில் ஆசிரியையாக இருக்கும் என் தங்கை தன் பள்ளியின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வாசிக்கிறாள். மணிவிழா காணும் உறவினருக்கு அவர் பிறந்த நாளின் குறிப்பைச் சட்டமிட்டுத் தருவோரும் இப்போது பெருகியுள்ளனர். இவை அனைத்துக்கும் தயாரிப்பு முறை ஒன்றுதான். அதை ஜூன் 25 என்ற ஒரே தேதியை வைத்துக்கொண்டு விளக்குகிறேன்.

முதலில் ஊரிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலோர் உலகச் செய்திகளைத் திரட்டிவிட்டுக் கடைசியில் இடம் இருந்தால் உள்ளூருக்கு ஒரு வரி ஒதுக்குகிறார்கள். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் செய்தேன். ஓர் ஆண்டு ஜூன் 25 அன்று பலகை முழுவதையும் 1983 உலகக் கோப்பைக் கிரிக்கெட்டுக்கே கொடுத்திருந்தபோது, மேட்டூர் அணையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நின்று படித்துவிட்டு, "ஏனுங்க, மேட்டூருக்குத் தண்ணிக் கணக்கு சொன்ன நாளாச்சுங்களே, அதை எழுதலீங்களா?" என்று கேட்டார். அவர் சொன்னது சரியே. காவிரி நடுவர் மன்றம் தன் இடைக்கால ஆணையை வழங்கியது 1991 ஜூன் 25 அன்று. ஜூன் முதல் மே வரையிலான ஓர் ஆண்டில் மேட்டூர் நீர்த்தேக்கத்துக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் கிடைக்கும்படி கர்நாடகம் திறந்துவிட வேண்டும் என்பது அந்த ஆணை. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதையும் சேர்த்து எழுதினால், ஆணையில் சொன்ன அளவு அணையை இரண்டு முறை நிரப்பியும் மீதம் இருக்கும் என்பது வாசிப்பவருக்கு உடனே விளங்கும். எண்ணை மட்டும் எழுதாமல், அதை அளந்து பார்க்க நம் ஊரிலேயே உள்ள ஒன்றைப் பக்கத்தில் வைப்பது நல்ல பழக்கம்.

ஊர்ச் செய்தி ஒன்று கிடைத்துவிட்டால், அதைச் சுற்றி மற்றவை தாமாக வந்து சேர்வதும் உண்டு. காவிரி நடுவர் மன்றத்தை 1990 ஜூன் 2 அன்று அமைத்தது வி. பி. சிங் தலைமையிலான அரசு. அவர் பிறந்தது 1931 ஜூன் 25. ஆகவே, பதவியிலிருந்து விலகிச் சில மாதங்கள் கழித்து, அவருக்கு அறுபது வயது நிறைந்த நாளிலேயே அந்த இடைக்கால ஆணை வந்திருக்கிறது. இது தற்செயல்தான், இதற்குப் பொருள் தேட வேண்டியதில்லை. ஆனாலும் இத்தகைய ஒரு வரி பலகையின் முன் நிற்கிறவரைக் கூடுதலாக ஒரு நிமிடம் நிற்க வைக்கிறது என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து வருவதுதான் இந்த வேலையில் மிகுந்த கவனம் வேண்டும் இடம். தேதி என்பது நிகழ்ச்சி நடந்த இடத்தின் கடிகாரத்துக்கு உரியது. செய்தி நம்மை வந்தடைந்த நாள் வேறாக இருக்கலாம். பாடகர் மைக்கேல் ஜாக்சன் இறந்ததாக லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அறிவிக்கப்பட்டது 2009 ஜூன் 25 பிற்பகல் 2.26 மணிக்கு, அப்போது சேலத்தில் ஜூன் 26 அதிகாலை 2.56. நம் நினைவில் அது 26-ஆம் தேதிச் செய்தியாகவே பதிந்திருக்கும், ஆனால் பலகையில் அது 25-க்கு உரியது. 1978 ஜூன் 25 அன்று பியூனஸ் அயர்ஸில் அர்ஜென்டினா 3-1 என்ற கணக்கில் நெதர்லாந்தை வென்று உலகக் கோப்பைக் கால்பந்தைக் கைப்பற்றிய ஆட்டமும் அப்படியே. அங்கே பிற்பகலில் தொடங்கிய ஆட்டம் முடியும்போது, எட்டரை மணி நேரம் முன்னே செல்லும் நம் கடிகாரத்தில் தேதி மாறிவிட்டிருந்தது. எதிர்த் திசையிலும் இது நடக்கும். கொரியப் போர் தொடங்கியது 1950 ஜூன் 25 அதிகாலை, அதாவது கொரியாவின் அதிகாலை. அந்த நேரத்தில் வாஷிங்டனில் 24-ஆம் தேதியே முடிந்திருக்கவில்லை.

நம் மாவட்டத்து வீரரை எடுத்துக்கொண்டாலும் இதே சிக்கல் வரும். பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் வெண்கலம் வென்றது அங்கே செப்டம்பர் 3 இரவில். இங்கே விழித்திருந்து பார்த்தவர்களுக்கு நள்ளிரவு கடந்து 4-ஆம் தேதி ஆகிவிட்டது. எனவே எந்தச் செய்தியை எழுதும் முன்பும், எந்த ஊரில், எத்தனை மணிக்கு என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டே தேதியை முடிவு செய்யுங்கள்.

ஒரே நாட்டுக்குள் நடந்தாலும் நள்ளிரவை ஒட்டிய நிகழ்ச்சிகளில் எச்சரிக்கை தேவை. நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டது 1975 ஜூன் 25 நள்ளிரவுக்குச் சற்று முன்பு. அமைச்சரவை ஒப்புதல் அளித்ததும், இந்திரா காந்தி வானொலியில் மக்களுக்கு அறிவித்ததும் மறுநாள் காலை. ஒரு நூலில் 25 என்றும் மற்றொன்றில் 26 என்றும் இருந்தால், இரண்டில் ஒன்று பிழை என்று அவசரப்படக் கூடாது. ஒன்று கையெழுத்தின் தேதியாகவும் மற்றது அறிவிப்பின் தேதியாகவும் இருக்கலாம். பலகையில் "கையெழுத்தானது" என்ற வினைச்சொல்லைச் சேர்த்துவிட்டால் 25 என்பது ஐயமின்றி நிற்கும். சரியான வினைச்சொல் பாதிப் பிழைகளைத் தடுத்துவிடும் என்பது என் அனுபவம்.

நூலகத்தில் பழைய நாளிதழ்க் கட்டுகளைப் பார்ப்பவர்கள் ஒரு நாள் தள்ளித் தேட வேண்டும். 25-ஆம் தேதி நிகழ்ந்தது 26-ஆம் தேதி இதழில்தான் இருக்கும். வெளிநாட்டு ஆட்டமானால் 27 வரையிலும் புரட்ட நேரிடலாம். 25-ஆம் தேதி இதழில் "நேற்று" என்று இருப்பதை அப்படியே எடுத்தெழுதிவிடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

கிழமையை வைத்துச் சரிபார்க்கும் வழியை எனக்கு நினைவூட்டியது தங்கையின் வகுப்புச் சிறுமி ஒருத்தி. "அன்னைக்கு என்ன கிழமை டீச்சர்?" என்று அவள் கேட்டதாகத் தங்கை சொன்னபோதுதான், கிழமையும் ஒரு சாட்சி என்பது எனக்கு உறைத்தது. கணக்கு எளிது. ஒரே தேதி ஆண்டுக்கு ஒரு கிழமை நகரும். இடையில் பிப்ரவரி 29 ஒன்று வந்தால் இன்னொரு கிழமை கூடும். இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் தொடங்கியது 1932 ஜூன் 25 அன்று. உலகக் கோப்பையை வென்றது அதே மைதானத்தில் 1983 ஜூன் 25 அன்று. இடையில் 51 ஆண்டுகள், அவற்றுள் 12 முறை பிப்ரவரி 29. கூட்டினால் 63, ஏழால் மீதமின்றி வகுபடும். ஆகவே இரண்டும் ஒரே கிழமை, சனிக்கிழமை. அந்த முதல் டெஸ்ட் 25, 27, 28 ஆகிய தேதிகளில் நடந்ததாகப் படித்தபோது இடையில் 26 ஏன் விடுபட்டது என்று முன்பு குழம்பியிருக்கிறேன். அது ஞாயிறு ஓய்வு நாள் என்பதைக் கிழமைக் கணக்கே தெளிவாக்கியது.

மிகப் பழைய நிகழ்ச்சிகளைச் சேர்க்க விரும்பினால் நாட்காட்டி மாற்றத்தையும் கருத வேண்டும். பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் 1752-இல் செப்டம்பர் 2-க்கு அடுத்த நாளைச் செப்டம்பர் 14 என்று மாற்றிக்கொண்டன. அதற்கு முந்தைய கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்களின் தேதிகள் பழைய கணக்கில் உள்ளவை. பள்ளிக்கான குறிப்பில் அந்தக் காலத்துக்குள் போகாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

விளையாட்டுச் செய்தியில் வெற்றி தோல்வியோடு நிறுத்திவிடாதீர்கள். 1983 இறுதி ஆட்டத்தில் இந்தியா 43 ரன் வித்தியாசத்தில் மேற்கிந்தியத் தீவுகளை வென்றது என்பது பலருக்கும் தெரியும். அது 60 ஓவர் ஆட்டம் என்பதும், இந்தியா 54.4 ஓவரில் 183 ரன்னுக்கே ஆட்டமிழந்தது என்பதும், அதில் அதிகபட்சமான 38 ரன் நம் ஸ்ரீகாந்த் அடித்தது என்பதும், மேற்கிந்தியர் 140 ரன்னில் முடங்கியபோது மொகிந்தர் அமர்நாத் 12 ரன் மட்டும் கொடுத்து 3 விக்கெட் எடுத்தார் என்பதும் இன்றைய பிள்ளைகளுக்குப் புதிது. இருபது ஓவரில் 183 அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, அந்தச் சிறிய தொகையைக் காத்து நின்ற அருமையை இந்த எண்கள்தாம் எடுத்துச் சொல்லும். 1932-இல் சி. கே. நாயுடு தலைமையிலான அணி 158 ரன் வித்தியாசத்தில் தோற்றது என்பதையும் அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். அதே மைதானம், அதே தேதி, அதே கிழமை. தோல்வியும் வெற்றியும் அருகருகே நிற்கும்போது ஐம்பத்தொரு ஆண்டின் தொலைவு கண்ணுக்குத் தெரிகிறது.

இசைக்கு வருவோம். புகழ்பெற்ற பாடல் என்பது ஒரு தேதிக்குள் அடங்குவதில்லை. அது ஒரு வாரத்தின் அல்லது ஒரு பருவத்தின் செய்தி. அமெரிக்காவில் பில்போர்டு பத்திரிகை 1958 ஆகஸ்டு 4 முதல் வெளியிட்டு வரும் நூறு பாடல் பட்டியல் வாரத்துக்கு ஒன்று. அதில் அச்சாகும் தேதி அந்த வாரத்தைக் குறிப்பது. எனவே "அன்று முதலிடம்" என்று எழுதாமல் "அந்த வாரம் முதலிடம்" என்று எழுத வேண்டும். எந்த நாட்டுப் பட்டியல் என்பதையும் விட்டுவிடக் கூடாது. கபில்தேவ் கோப்பையை உயர்த்திய அந்த வாரத்தில் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது ஐரீன் காரா பாடிய "ஃப்ளாஷ்டான்ஸ்" படப் பாடல். பிரிட்டனில் போலீஸ் இசைக்குழுவின் "எவ்ரி பிரெத் யூ டேக்". இரண்டில் ஒன்றை மட்டும் எழுதி "உலகின் முதலிடப் பாடல்" என்று சொல்வது பொய்யாகிவிடும்.

ஒரு பாடல் முதன்முதலாக ஒலித்த நாள், இசைத்தட்டாக வெளிவந்த நாள், முதலிடம் பிடித்த நாள் ஆகிய மூன்றும் வேறுவேறு. பல நாடுகளைச் செயற்கைக்கோள் வழியே இணைத்த நேரடித் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ் குழுவினர் "ஆல் யூ நீட் இஸ் லவ்" பாடலைப் பாடியது 1967 ஜூன் 25 அன்று. அதன் இசைத்தட்டு பிரிட்டனில் வந்தது ஜூலை 7 அன்று. ஜூன் 25-க்கு உரியது ஒளிபரப்பு மட்டுமே.

தமிழ்த் திரைப்பாடல்களுக்கு அத்தகைய நெடுங்கால விற்பனைப் பட்டியல் இல்லாததால், நமக்குப் பிடிமானம் படம் வெளியான நாள்தான். பழைய நாளிதழ்களின் திரைப்பட விளம்பரங்களில் "இன்று முதல்" என்ற சொற்களையும் அதன்கீழ் வரும் ஊர், தியேட்டர் பெயர்களையும் பாருங்கள். சேலத்தில் எந்தத் தியேட்டரில் ஓடியது என்பது தெரிந்துவிட்டால், பெரியவர்கள் தம் நினைவிலிருந்து மிச்சத்தைச் சொல்லிவிடுவார்கள். 1976 ஜூன் 25 அன்று பிறந்த ஒருவருக்குக் குறிப்பு தயாரிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இளையராஜா இசையமைத்த முதல் படமான "அன்னக்கிளி" வெளியானது அந்த ஆண்டு மே 14, வெள்ளிக்கிழமை. ஜூன் 25-ஓடு சரியாக ஆறு வாரம் நிறைகிறது. "நீங்கள் பிறந்தபோது அன்னக்கிளிக்கு ஆறு வாரம்" என்ற ஒரு வரியைவிட நல்ல பரிசு எனக்குத் தோன்றவில்லை.

பிறந்த நாள்களில் பக்கத்துத் தேதிகள் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணதாசனும் (1927) எம். எஸ். விஸ்வநாதனும் (1928) பிறந்தது ஜூன் 24. அவர்கள் மீதுள்ள அன்பினால் ஒரு நாள் தள்ளி 25-இல் சேர்த்துவிடத் தோன்றும், செய்யக் கூடாது. 25-க்கு இந்தித் திரையிசையின் மதன் மோகன் இருக்கிறார், பிறப்பு 1924.

இவ்வளவையும் திரட்டிய பிறகு பெரும்பகுதியை விட்டுவிட வேண்டும். பலகைக்கு ஐந்து அல்லது ஆறு வரிகள் போதும். ஒரு பிள்ளை ஒரே மூச்சில் வாசிக்கும் நீளத்தில் ஒவ்வொன்றும் இருக்க வேண்டும் என்பது தங்கையின் நிபந்தனை. ஆண்டை முதலில் எழுதி, இடத்தை அடுத்து எழுதி, பிறகு நிகழ்ச்சியைச் சொன்னால் வாசிப்பு தடுமாறாது. சென்ற முறை நாங்கள் எழுதியது இது:

1932, லண்டன்: இந்தியாவின் முதல் டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டம் தொடங்கியது.
1950, கொரியா: கொரியப் போர் தொடங்கியது.
1975, டெல்லி: நெருக்கடி நிலைப் பிரகடனம் கையெழுத்தானது.
1983, லண்டன்: 183 ரன் எடுத்த இந்தியா 43 ரன்னில் வென்று உலகக் கோப்பையைப் பெற்றது.
1991, டெல்லி: மேட்டூருக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. என்று காவிரி நடுவர் மன்றம் ஆணையிட்டது.

இசைக்கான வரியைப் பலகையின் அடியில் வண்ணச் சாக்பீஸால் தனியே எழுதுகிறோம். அது தேதிக்கு அல்ல, வாரத்துக்கு உரியது என்பது பார்த்தவுடன் தெரிவதற்காக.

மறுநாள் காலை துடைப்பதற்கு முன் பலகையில் உள்ளதை ஒரு தடித்த நோட்டில் பெயர்த்துவிடுங்கள், ஒரு தேதிக்கு ஒரு பக்கம். யாராவது வந்து திருத்தம் சொன்னால் அதே பக்கத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். மேட்டூர்ப் பெரியவர் சொன்ன வரி எங்கள் நோட்டில் அப்படித்தான் ஏறியது. நோட்டு வாங்கும்போது 366 பக்கங்கள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பிப்ரவரி 29-க்கான பக்கத்தில் முதல் வரி இப்போதே தயார்: 1896, மொரார்ஜி தேசாய் பிறந்தார்.