மனு தட்டச்சுக்கு ஒரு விசை போதும்: ரைட்டரில் மேக்ரோ பதிவு செய்வது எப்படி?

காவிரிப் பாசன மாவட்டங்களில் தட்டச்சுக் கடை வைத்திருப்பவர்களுக்குத் திங்கட்கிழமை என்றால் மக்கள் குறைதீர்க்கும் நாள். ஒருவருக்கு வாய்க்கால் தூர்வார வேண்டும். இன்னொருவருக்கு அடங்கல் கிடைக்கவில்லை. மற்றொருவரின் நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பிவிட்டார்கள். விவகாரம் ஆளுக்கு ஆள் மாறும். 'அனுப்புநர், பெறுநர், பொருள்' மாறுவதில்லை. மாறாததை ஏன் திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும்?

செய்கிற வேலையை ஒரு முறை பதிவு செய்து வைத்து, பிறகு ஒரே விசையில் திரும்ப ஓட்டுவதுதான் மேக்ரோ. லிப்ரே ஆபீஸ் ரைட்டரை வைத்துச் சொல்கிறேன். இலவச மென்பொருள், விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடும். மெனுக்கள் ஆங்கிலத்தில் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில் எளிய வேலை: ஆட்டோடெக்ஸ்ட்

மனுவின் முழுச் சட்டகத்தையும் ஒரு முறை ஒழுங்காக அடியுங்கள். பெயர், ஊர், சர்வே எண் வரும் இடங்களில் @@ என்று போட்டு வையுங்கள். நிரப்ப மறந்தால் கண்ணில் குத்தும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலுடன் எஃப் 3 அழுத்துங்கள். 'மை ஆட்டோடெக்ஸ்ட்' பிரிவைத் தேர்ந்து, ஒரு பெயரும் 'மனு' என்ற குறுக்குச் சொல்லும் கொடுங்கள். அங்கேயே உள்ள ஆட்டோடெக்ஸ்ட் பொத்தானில் 'நியூ' என்பதைச் சொடுக்கினால் முடிந்தது. இனி, புதிய பக்கத்தில் மனு என்று அடித்து, இடைவெளி விடாமல் எஃப் 3 தட்டினால் சட்டகம் வந்து விழும்.

மேக்ரோ: திருத்த வேலைக்கு

வெளியிலிருந்து வரும் கோப்புகளில் ஒரு தொல்லை உண்டு. 'கௌரி', 'சௌந்தரராஜன்' போன்ற பெயர்களில் ஔகாரக் குறியைப் போடாமல், எகரக் கொம்பும் ளகரமுமாகச் சேர்த்து 'கெளரி', 'செளந்தரராஜன்' என்று அடித்திருப்பார்கள். தாளில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. கணினிக்கோ இரண்டும் வேறு வேறு எழுத்துகள். பழைய மனுவைப் பெயர் சொல்லித் தேடினால் கிடைக்காது. இதைத்தான் மேக்ரோவாக்கப் போகிறோம்.

1. மேக்ரோ பதிவு முதலில் மறைந்திருக்கும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரே ஆபீஸ், அட்வான்ஸ்ட் என்று போய், மேக்ரோ ரெக்கார்டிங்கை அனுமதிக்கும் கட்டத்தில் டிக் செய்யுங்கள்.

2. ஒரு கோப்பைத் திறந்து, எதையும் தேர்ந்தெடுக்காமல், டூல்ஸ், மேக்ரோஸ், ரெக்கார்ட் மேக்ரோ. நிறுத்துவதற்கான சிறு பட்டை தோன்றும்.

3. கன்ட்ரோல், ஹெச் அழுத்தித் தேடி மாற்றும் பெட்டியைத் திறந்து, 'கெளரி' என்பதை 'கௌரி' ஆக்கி 'ரீப்ளேஸ் ஆல்' கொடுங்கள். அப்படியே 'செளந்தர', 'மெளன', 'கெளரவ' என்று உங்களுக்கு அடிக்கடி வருபவற்றையும் முடித்துவிட்டுப் பெட்டியை மூடி, பதிவை நிறுத்துங்கள்.

4. சேமிக்கக் கேட்கும்போது மை மேக்ரோஸ், ஸ்டாண்டர்டு, மாட்யூல் 1 என்ற இடத்தைக் காட்டி, ஆங்கில எழுத்தில் இடைவெளியில்லாத பெயர் ஒன்றைத் தாருங்கள்.

மூன்றாவது படியில் சோம்பல்பட்டு 'கெள', 'தெள', 'வெள' போன்ற துண்டுகளை மட்டும் கொடுக்காதீர்கள். வெள்ளம், மருந்து தெளிப்பு, கெளுத்தி மீன் எல்லாவற்றிலும் எகரமும் ளகரமும் சரியாகத்தான் நிற்கின்றன. அவற்றைத் தொடும் வாய்ப்பையே கணினிக்குத் தரக் கூடாது. வெள்ள நிவாரண மனுவில் வெள்ளமே சிதைந்து போனால் யாரிடம் போய்ச் சொல்வது?

பதிவு நடக்கும்போது மவுஸால் வரிகளைத் தேர்ந்தெடுப்பதையும் தவிருங்கள். அது நம்பும்படி பதிவாவதில்லை. ஷிஃப்டும் அம்புக்குறி விசைகளும் போதும்.

விசையில் பொருத்துவது

டூல்ஸ், கஸ்டமைஸ், கீபோர்டு. வலப்பக்கம் மேலே 'ரைட்டர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் கால்க் (கணக்குத்தாள்) உள்ளிட்ட மற்றவற்றிலும் விசை செயல்படும். பட்டியலில் எதிரே ஒன்றும் எழுதப்படாத விசை ஒன்றைப் பிடியுங்கள். எழுத்து விசையை நான் பரிந்துரைக்க மாட்டேன். தமிழ் 99-க்கும் ஆங்கிலத்துக்கும் மாறி மாறித் தட்டுகிறவர்களுக்கு எஃப் வரிசைதான் நிம்மதி. எந்த விசைப்பலகை அமைப்பிலும் அது மாறாது. கன்ட்ரோலோ ஷிஃப்டோ சேர்த்துக்கொள்ளலாம். கீழே உள்ள பிரிவுப் பட்டியலின் கடைசிப் பக்கம் மேக்ரோக்கள் இருக்கும். உங்களுடையதைத் தேர்ந்து 'அசைன்' கொடுங்கள்.

கோப்பின் நகலில் முதலில் ஓட்டிப் பாருங்கள். பிசகினால் கன்ட்ரோல், இசட். மாற்றங்கள் பல என்பதால் பல முறை தட்ட வேண்டியிருக்கும்.

கடையில் இரண்டாவது கணினி இருந்தால், அதே கீபோர்டு பக்கத்தில் உள்ள 'சேவ்' பொத்தான் விசை அமைப்பைத் தனிக் கோப்பாகத் தரும். மேக்ரோ அதனுடன் போகாது. டூல்ஸ், மேக்ரோஸ், எடிட் மேக்ரோஸ் திறந்து, 'சப்' என்று தொடங்கும் வரியிலிருந்து 'எண்ட் சப்' வரை நகலெடுத்துப் பென் டிரைவில் கொண்டு போய், அங்கே அதே மாட்யூலில் ஒட்டுங்கள். பெயரை மட்டும் மாற்றாதீர்கள்; மாற்றினால் விசையை மறுபடி ஒதுக்க வேண்டும்.