சம்பா அரிசிக்கு கேஸ் மிச்சம் பிடிக்க ஒரு வழி

நம்ம குமரி மாவட்டத்தில் பல வீடுகளில் சிவப்பு சம்பா அரிசிதான் சோறு, அது வேக நேரம் பிடிக்கும், அவ்வளவு நேரமும் அடுப்பு எரிந்தால் சிலிண்டர் எப்படித் தாங்கும்? அரிசியைக் கழுவி அரை மணி நேரம் ஊறவையுங்கள். தண்ணீர் தாராளமாக வைத்து, நன்றாகக் கொதி வந்த பிறகு 10, 15 நிமிடம் மூடி வைத்துக் கொதிக்கவிட்டு, திறக்காமல் பானையை அப்படியே தெர்மல் குக்கருக்குள், அதாவது சூடு வெளியே போகாமல் காக்கும் பாத்திரத்துக்குள், இறக்கி மூடிவிடுங்கள். சாதாரணப் பானையில் தண்ணீர் கொதித்த பிறகு தீயை எவ்வளவு கூட்டினாலும் 100 டிகிரியைத் தாண்டாது, ஆவிதான் வீணாகப் போகும். இருக்கிற சூடு வெளியேறாமல் பார்த்துக்கொண்டாலே அரிசி தானாக வெந்துவிடும். ஒரு மணி நேரம் கழித்து ஒரு பருக்கையை நசுக்கிப் பாருங்கள், நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியாவிட்டால் வடித்துவிடலாம். இடையில் திறந்து பார்ப்பதுதான் காரியத்தைக் கெடுக்கும். அப்புறம், பானை முக்காலாவது நிறைந்திருக்க வேண்டும், கொஞ்சமாக வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும். தெர்மல் குக்கர் இல்லையென்றால் பானையை அடுப்பிலிருந்து இறக்கிப் பழைய கம்பளியில் நாலு சுற்று சுற்றி அட்டைப் பெட்டிக்குள் வையுங்கள், நேரம் மட்டும் கூடுதலாகும். முற்றத்தில் தென்னை நிற்கும் வீடென்றால் அந்த முதல் கொதிக்கு சிரட்டையும் கொதும்புமே (காய்ந்த தென்னம்பாளை) போதும், பானைக் கரியை மட்டும் துடைத்துவிட்டு உள்ளே வையுங்கள்.